டம்மி பொன்னுரங்கமும் ஒரு டஜன் வாஷரும்

சத்தியம். மருதமலை இருக்கிற திசையைப் பார்த்துக் கைகூப்பிச் சொல்கிறேன். இந்த மூக்குக்கண்ணாடியின் மேலும் சத்தியம், இது இல்லாவிட்டால் எனக்கு ரசம் எது மோர் எது என்று தெரியாது. சொல்லப்போவதில் ஒரு எழுத்து பொய் இருந்தால் மலையும் கண்ணாடியும் சேர்ந்து என்னைக் கைவிடட்டும். இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும், யாரிடம் சொன்னாலும், சத்தமாக, டீக்கடையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவனும் திரும்பிப் பார்க்கிற மாதிரி. ஆனால் இப்போது வாயைத் திறக்க முடியாது. மீட்டிங் ஹாலில் விளக்கை அணைத்திருக்கிறார்கள், எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வந்த மயக்கம், ஏசி என் பிடரியில் நேராக ஊதுகிறது, ஆகவே பிறகு சொல்லப்போவதை இப்போதே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். எதிரே வெள்ளைத் துணியில் வெளிச்சம். வெளிச்சத்துக்குப் பக்கத்தில் நிற்கிறான் அவன். ஹரிஹரசுதன். கணக்கு சாஃப்ட்வேர் கம்பெனியின் டிரெய்னர். போன தடவை வெர்ஷன் மாற்றியபோது பென்சிலால் கோடு போட்டது போல மீசையும் தலை நிறைய முடியுமாக வந்தவன், இப்போது முடியைக் காணோம், மீசை மட்டும் புதர். முடி போனது என் சாபத்தால்தான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு பிடி முடி என்று கணக்கு வைத்துச் சபித்தேன். வயிறெரிந்து சொன்னது வீண் போகவில்லை.

காலையில் வந்ததும் எல்லோருக்கும் கை கொடுத்தான். எனக்கும் கொடுத்தான். "அய்யா, நீங்க ஸ்டோர்ஸுங்களா?" என்றான். அவ்வளவுதான். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை, துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. எனக்கு அதுதான் தொண்டையில் நிற்கிறது, மத்தியானச் சாப்பாடு கூட இறங்கிவிட்டது, அது இறங்கவில்லை. ஒருத்தனை நாசம் பண்ணினவன் அவன் முகத்தையாவது ஞாபகம் வைத்திருக்க வேண்டாமா? எதிரிக்கு எதிரி செய்கிற மரியாதை அது. நான் இவனை மறந்தேனா? இவன் போட்டிருந்த சட்டை எனக்குத் தெரியும், ஊதாக் கட்டம், பாக்கெட்டில் மைக்கறை. இவன் குடித்த டீயை எத்தனை தடவை ஊதினான் என்பது வரைக்கும் தெரியும். அன்றைக்கும் இதே ஹால், இதே துணி. சப்ளையர் பெயரைப் புதிதாக ஏற்றுவது எப்படி என்று காட்ட அவனுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. சுற்றும் முற்றும் பார்த்தான். முன் வரிசையில் நான், சாப்பிட்ட மயக்கத்தில் கண்ணை ஒரு நிமிஷம் மூடியிருந்தேன், மூடினேன் என்று கூடச் சொல்ல முடியாது, இமை தானாக வந்து உட்கார்ந்தது. "உதாரணத்துக்கு அண்ணன் பேரையே போடுவோம். டம்மி பொன்னுரங்கம்!" என்றான். ஹால் சிரித்த சிரிப்பில் ட்யூப்லைட் இரண்டு கழன்று விழுந்தன. ஒன்றை நான் கையில் பிடித்தேன். சத்தியமாக. அப்புறம் டம்மி பொன்னுரங்கத்திடமிருந்து ஒரு டஜன் வாஷருக்கு ஆர்டர் போட்டுக் காட்டினான். பலமாகக் கை தட்டினார்கள். அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். போன பிறகுதான் தெரிந்தது, பழகுவதற்கென்று சாஃப்ட்வேரில் தனியாக வைத்திருந்த டிரெயினிங் கம்பெனியைத் திறக்காமல், நிஜக் கணக்கு ஓடுகிற லைவ் கம்பெனியைத் திறந்து வைத்துக்கொண்டு பாடம் நடத்தியிருக்கிறான் மகராசன்.

அதை அழிக்க முடியாது. ஆர்டர் பாக்கி இருக்கிற பெயரை சாஃப்ட்வேர் அழிக்க விடாது, சிவப்புப் பெட்டி போட்டு மறிக்கும். ஆர்டரை ரத்து பண்ணலாமே என்று அக்கவுண்ட்ஸ் மேனேஜர் மைதிலி மேடத்திடம் போனேன். "ரத்து பண்றதுக்கு சப்ளையர் கையெழுத்து வேணுங்க, ஆடிட்டர் ரூல்" என்றார். நான்தானே பொன்னுரங்கம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "இது ஸ்டாஃப் பொன்னுரங்கம் கையெழுத்துங்கண்ணா. எனக்கு டம்மி பொன்னுரங்கம் கையெழுத்து வேணும்" என்றார். சிரிக்காமல் சொன்னார். அந்த அம்மா சிரிக்காமல் சொன்னதுதான் சிரித்ததைவிட மோசம். அன்று முதல் தனம் ஹார்டுவேர்ஸுக்கும் துர்கா பெயின்ட்ஸுக்கும் நடுவில், ஆங்கில எழுத்து வரிசையில், அவன் குடியேறிவிட்டான். ஒவ்வொரு திங்கட்கிழமை மீட்டிங்கிலும் வர வேண்டிய சரக்கு லிஸ்டை வாசிப்பார்கள். டம்மி பொன்னுரங்கம், வாஷர், ஒரு டஜன், வரவில்லை. டிஸ்பேட்ச் துரைராஜ் எழுந்து நின்று, "ஏனுங்க டம்மியண்ணா, உங்க கம்பெனி வாஷர் லாரி எங்கீங்க வருது? வாளையாறு தாண்டிருச்சுங்களா?" என்பான். முதலாளி கூட உதட்டைக் கடித்துக்கொள்வார். வருஷா வருஷம் காலண்டர் வந்தது அவனுக்கு, பெரிய சைஸ், சப்ளையர்களுக்குக் கொடுப்பது. ஸ்டாஃபுக்குக் கொடுப்பது கையகலம். தீபாவளிக்கு நெய் மைசூர்பாக்கு டப்பா, அதுவும் அவனுக்கு. எனக்கு மிக்சர் பொட்டலம். அவனுக்குப் போட்டிருந்தது எங்கள் கம்பெனி விலாசமே, ஆகவே அவன் டப்பா எங்கள் கேட்டிலேயே வந்து நிற்கும், வாங்க ஆளில்லை என்று வாட்ச்மேன் டிஸ்பேட்சுக்கே திருப்பி அனுப்புவான், துரைராஜ் அதை வாங்கி என் டேபிளில் உட்கார்ந்துகொண்டே தின்பான். "டம்மி பீஸுக்கு வந்த ஸ்வீட்டு, டேஸ்ட்டு மட்டும் ஒரிஜினலுங்கண்ணா." ஒருமுறை வரி ஆபீஸிலிருந்து ஜீப்பில் வந்து என்னைக் கேட்காமல் அவனைக் கேட்டார்கள். அவனுக்கு மரியாதையாக நாற்காலி போட்டார்கள், காலி நாற்காலி, அதற்கு ஃபேன் வேறு.

டம்மியைச் சுருக்கி என்னை டி. பொன்னுரங்கம் ஆக்கினார்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்த டி என் இனிஷியல் என்று நினைத்துக்கொண்டார்கள். என் அப்பா பெயர் ரங்கசாமி. ஆர்.பொன்னுரங்கம். சரி, போகட்டும் என்று விட்டேனா, விடவில்லை, வயிற்றுக்குள் போட்டு வைத்தேன். இந்த மாசக் கடைசியோடு எனக்கு ரிட்டயர்மென்ட். வழியனுப்பு விழாவுக்கு ஷீல்டு செய்து வைத்திருக்கிறார்கள், மேனேஜர் ரூம் பீரோவின் மேல் பார்த்தேன், செய்தித்தாளைக் கொஞ்சம் விலக்கினேன், திரு. டி. பொன்னுரங்கம் அவர்களின் சேவையைப் பாராட்டி. தங்க எழுத்தில். நான் செய்தித்தாளை மறுபடி மூடி வைத்தேன். ஏப்ரல் ஒண்ணாம் தேதி புது வெர்ஷன். இன்றைக்குச் சாயங்காலம் லிஸ்டைப் பூட்டி பேக்கப் எடுப்பார்கள், இன்றைக்கு லிஸ்டில் இருக்கிறவர்கள் புது வெர்ஷனுக்குப் போவார்கள். அதாவது நான் போய்விடுவேன், அவன் இருப்பான். அன்னபட்சி பம்ப்ஸில் என் ஆயுசு முழுக்க நட்டு எண்ணி போல்ட் எண்ணி உட்கார்ந்ததற்கு மிஞ்சப்போவது அவன்தான். வாஷர் கொடுக்காத அவன். யாரோ ஒரு பிள்ளை நாளைக்கு லிஸ்டைப் பார்த்து, யாருங்க இந்த டம்மி பொன்னுரங்கம் என்று கேட்கும். யாருக்கும் தெரியாது. துரைராஜ் மட்டும் சொல்வான். அவன் சொல்கிற மாதிரிதான் நான் இருந்ததாக ஆகிவிடும். இன்று சாயங்காலத்துக்குள் அந்தப் பெயர் போக வேண்டும். கெஞ்சினால் போகும். இந்த மொட்டைத்தலையனிடம் போய், தம்பி, ஞாபகம் இருக்கா, நான்தான் அந்த, என்று ஆரம்பித்தால் போகும். ஆனால் ஆரம்பித்ததும் அவன் சிரிப்பான். ட்யூப்லைட் விழும்.

"லைவ்ல யாரும் கை வைக்கக் கூடாது!" காலையிலிருந்து அதையே சொல்கிறான். "பழகுறதெல்லாம் டிரெயினிங் கம்பெனிலதான். லைவ்ல பழகுறது ஓடுற பஸ்ஸுக்கு டயர் மாத்துற மாதிரி. அப்படிப் பண்ணுறவங்களை எங்க ஆபீஸ்ல கேட்டுக்குள்ள கூட விட மாட்டோம். புரிஞ்சுதா?" புரிஞ்சுது சார் என்கிறார்கள் எல்லோரும், புரியாவிட்டாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும், டிரெயினிங் என்றாலே அதுதான் மரியாதை, புரியவில்லை என்று சொன்னால் முன்னால் கூப்பிட்டு உட்கார வைப்பான். நான் மட்டும் வாயை அசைத்தேன், சத்தம் விடவில்லை. கிடக்கட்டும். அவனுடைய புது லேப்டாப்புக்கும் எங்கள் பழைய ப்ரொஜெக்டருக்கும் வயர் பொருந்தவில்லை. ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரைத் தூக்கி வரச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் வந்தால் நானும் வருவேன், ஆகவே கீபோர்டுக்கு முன்னால் நான், அவன் சொல்லச் சொல்ல நான் தட்டுகிறேன், அவனுடைய கை மாதிரி. சாப்பாட்டு இடைவேளை முடிகிற நேரத்தில், "அய்யா, நான் கை கழுவிட்டு வர்றேன், டிரெயினிங் கம்பெனியைத் திறந்து வைங்க" என்றான். திரையில் இரண்டு வரி இருக்கும். அன்னபட்சி பம்ப்ஸ். அதற்குக் கீழே அன்னபட்சி பம்ப்ஸ், பயிற்சி. என் விரல் கீழே போகத்தான் போனது. போகிற வழியில் மேலே நின்றுவிட்டது. வயசான விரல், இறங்குவதற்கு முன்னால் கொஞ்சம் இளைப்பாறியது. ப்ரொஜெக்டர் வெளிச்சம் துணியைவிடப் பெரிசு, திறந்திருக்கிற கம்பெனியின் பெயர் வருகிற மேல் வரியின் கடைசி வார்த்தை எப்போதும் துணியைத் தாண்டி அந்தப் பக்கம் இருக்கிற இன்னொரு ஏசிப் பெட்டியின் மேல் விழும், பயிற்சி என்று இருக்கிறதா இல்லையா என்று யாரும் வாசிக்க முடியாது. நான் எதிரே இருக்கிற கம்ப்யூட்டரில் வாசிக்கிறேன். இல்லை.

இப்போது என் நெஞ்சு அடிப்பது ஹாலுக்கே கேட்கும் போலிருக்கிறது. ஏசி சத்தத்தில் மறைகிறது. அவன் குனிந்து பார்த்துவிட்டால்? பார்க்க மாட்டான், சொல்லிக் கொடுக்கிறவன் துணியைத்தான் பார்ப்பான், அன்றைக்கும் துணியைத்தான் பார்த்தான், அதனால்தான் அன்றைக்கு அது நடந்தது. "இப்ப லிஸ்டைச் சுத்தம் பண்ணுவோம். அப்கிரேடுக்கு முன்னாடி வேண்டாத பேரையெல்லாம் கழிச்சுரணும், குடி போற வீட்டுக்குக் குப்பையையும் கட்டிட்டுப் போகக் கூடாதில்லீங்களா? அய்யா, கீழ வாங்க. கீழ. தனம் ஹார்டுவேர்ஸ், நிறுத்துங்க. இதென்ன? டம்மி பொன்னுரங்கம். யாருங்க இந்த டம்மி பொன்னுரங்கம்?" கேட்டுவிட்டான். நாளைக்கு யாரோ ஒரு பிள்ளை கேட்கும் என்றேனே, அதை இவனே இன்றைக்குக் கேட்டுவிட்டான், பெற்றவனே கேட்கிறான் இது யார் பிள்ளை என்று. ஹால் அப்படியே குலுங்குகிறது. துரைராஜ் பின்னாலிருந்து, "சார், பெரிய பார்ட்டிங்க! வாஷர் உலகத்துல அவரை விட்டா ஆளில்லீங்க!" என்கிறான். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறேன். துடைத்து மாட்டுகிறேன். ரசம் எது மோர் எது என்று நன்றாகத் தெரிகிறது. "யாரோ பழைய ஆளுங்க சார்" என்கிறேன். என் குரல் என்ன அழகாக வருகிறது, தேங்காய் எண்ணெய் போட்ட தாழ்ப்பாள் மாதிரி. "ஆர்டர் பாக்கி இருக்கு, டெலீட் ஆகாது. இதுக்குத்தான் மெர்ஜ் இருக்கு, பாருங்க. இந்தப் பேரை இன்னொரு பேரோட சேர்த்துட்டா இது போயிரும், இதோட ஆர்டர், இதுக்குப் போற காலண்டர், எல்லாம் அந்தப் பேருக்குப் போயிரும். டிரெயினிங் கம்பெனிதானே, எதோட வேணாலும் சேர்த்துப் பாக்கலாம்." எதோடு சேர்ப்பது என்று தேடுகிறான். சுற்றும் முற்றும் பார்க்கிறான். அதே பார்வை. தலை மட்டும்தான் மாறியிருக்கிறது, பார்வை மாறவில்லை. இந்த ஒரு கணத்துக்காக நான் எத்தனை திங்கட்கிழமை உட்கார்ந்திருக்கிறேன். நாக்கு நுனியில் அந்த வார்த்தை ஊறி ஊறி இனிக்கிறது, துரைராஜ் தின்ற மைசூர்பாக்கு இப்படித்தான் இனித்திருக்கும். "உதாரணத்துக்கு உங்க பேரையே போடலாமுங்களே சார்."

"அட, போடுங்கய்யா!" சிரிக்கிறான். குஷி. தன் பெயரைத் துணியில் பெரிதாகப் பார்க்க யாருக்குத்தான் ஆசையில்லை. தட்டுகிறேன். டம்மி ஹரிஹரசுதன். நீளமான பெயர், ஒவ்வொரு எழுத்தையும் ஊதுவத்தி காட்டுகிற மாதிரி நிதானமாகத் தட்டுகிறேன். "அட்ரஸ் இல்லாம சேவ் ஆகாதுங்க சார்." வீட்டு விலாசத்தைச் சொல்கிறான், சிங்காநல்லூர், குளத்துக்குப் பக்கத்தில் புது அப்பார்ட்மென்ட், மூணாவது மாடி. சொந்த வீடு வேறு வாங்கியிருக்கிறான். "போன் நம்பர் கேக்குதுங்க சார்." அதையும் சொல்கிறான். "இந்த க்ளீனிங் டூல் ஓடிபி அனுப்பும் பாருங்க, பொய் நம்பரெல்லாம் போட முடியாது, அவ்வளவு பக்கா" என்று பெருமையாகத் தன் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து வந்த எண்ணை அவனே உரக்க வாசிக்கிறான். பிரசாதம் வாங்குகிற பக்தன் மாதிரி நான் வாங்கித் தட்டுகிறேன். அப்போதுதான் பக்கத்தில் மைதிலி மேடம் டீ டம்ளரோடு திரும்புகிறார். அவர் கண் என் கம்ப்யூட்டரின் மேல் வரிக்குப் போகிறது. நிற்கிறது. அந்த அம்மா இந்தக் கம்பெனியின் மேல் வரியை வாசித்தே வாழ்ந்தவர், அதில் ஒரு வார்த்தை இல்லை என்பது அவருக்குத் தெரியாமல் இருக்குமா. என் முதுகில் வியர்வை இறங்குகிறது, ஏசி காற்றில் அது ஐஸ் ஆகிக் கீழே விழுந்து உடைகிற சத்தம் கேட்கிறது. போச்சு. இப்போது வாய் திறப்பார். சப்ளையர் கையெழுத்து எங்கே என்பார். மேடம் என்னைப் பார்க்கிறார். திரையில் என் பெயரைப் பார்க்கிறார். பிறகு டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, துணியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, "மேல சொல்லுங்க சார், நல்லாப் புரியுது" என்கிறார். சிரிக்காமல்.

திரையில் மஞ்சள் பெட்டி. இதைத் திரும்பப் பெற முடியாது, தொடரலாமா? "அய்யா, என்டர் தட்டுங்க" என்கிறான். விரல் மேலே நிற்கிறது. இப்போது கூட ஒரு வார்த்தை சொன்னால் போதும், சார், இது லைவுங்க. பாவம், வேலை போய்விடுமா, போகாது, ஆனால் இவன் சிரிப்பு போகும். ஊதாக் கட்டச் சட்டை. உதாரணத்துக்கு அண்ணன் பேரையே போடுவோம். தங்க எழுத்தில் டி. என் அப்பா ரங்கசாமி. "தட்டுங்கய்யா, யோசிக்காதீங்க, யாரும் செத்துப்போயிர மாட்டாங்க." அவன்தான் சொன்னான். நானாகத் தட்டவில்லை. அவன் இரண்டு தடவை சொன்ன பிறகு தட்டினேன். தட்டிய தட்டில் கணபதி ஏரியா வரைக்கும் கரண்ட் போய் வந்தது, வேண்டுமானால் அங்கே கேட்டுப் பாருங்கள். துணியில் தனம் ஹார்டுவேர்ஸ். அதற்குக் கீழே டம்மி ஹரிஹரசுதன், வாஷர், ஒரு டஜன், வரவில்லை. அதற்குக் கீழே துர்கா பெயின்ட்ஸ். ஹால் கை தட்டுகிறது. துரைராஜ் விசிலடிக்கிறான். "புது வெர்ஷன்ல இன்னொரு விசேஷம்" என்கிறான் ஹரிஹரசுதன், கைதட்டல் அடங்க விட்டு. "வராத சரக்குக்கு இனி நீங்க யாரும் போன் பண்ண வேண்டாம். தினம் காலைல பார்ட்டியோட போனுக்குத் தானா மெசேஜ் போயிரும், சரக்கு வர்ற வரைக்கும் நிக்காது. நீங்க மறந்தாலும் சாஃப்ட்வேர் மறக்காது. புரிஞ்சுதா?" எல்லோரும் புரிஞ்சுது சார் என்றார்கள். இந்த முறை நானும் சத்தம் விட்டேன். "நல்லாப் புரிஞ்சுதுங்க சார்."

ஏப்ரல் ஒண்ணாம் தேதி காலையில் நான் சிங்காநல்லூர் குளக்கரையில் நடப்பேன். ரிட்டயர் ஆனவன் நடக்கத்தானே வேண்டும், எங்கே நடந்தால் என்ன. மூணாவது மாடியில் ஒரு போன் சத்தம் போடும். மதிப்பிற்குரிய டம்மி ஹரிஹரசுதன் அவர்களுக்கு, தங்களிடமிருந்து வர வேண்டிய வாஷர் இன்னும் வரவில்லை. மறுநாளும். அதற்கு மறுநாளும். பூட்டிய லிஸ்டிலிருந்து ஒரு பெயரை அழிக்க வேண்டுமென்றால் அவனுடைய ஆபீஸிலேயே புகார் எழுதிக் கொடுக்க வேண்டும், புகாரில் காரணம் எழுத வேண்டும், லைவ் கம்பெனியைத் திறந்து வைத்துக்கொண்டு பாடம் நடத்தினேன் என்று தன் கையால் எழுத வேண்டும். கேட்டுக்குள் கூட விடாத ஆபீஸ் அது. எழுத மாட்டான். மீசையும் கொட்டும். ஒன்றே ஒன்றுதான் உறுத்துகிறது, தீபாவளிக்கு அந்த நெய் மைசூர்பாக்கு டப்பாவும் அவன் வீட்டுக்கே போய்விடுமே. வாங்க ஆளிருக்கிற விலாசம். போகட்டும், தின்னட்டும், டப்பாவின் மேல் பெயரை வாசித்துவிட்டுத் தின்னட்டும். விளக்கைப் போட்டுவிட்டார்கள். மேடம் பேக்கப் எடுக்கச் சொல்கிறார், எடுத்துக்கொண்டிருக்கிறேன், திரையில் ஓடுகிற கோடு வலது பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது, பூட்டியாயிற்று. ஷீல்டை மட்டும் மேடத்திடம் சொல்லி மாற்ற வேண்டும், ஆர் என்று. இப்படியே, ஒரு எழுத்துக் குறையாமல் உங்களிடம் சொல்லிவிட்டேன், உங்களோடு இருக்கட்டும். துரைராஜ் காதுக்குப் போகக் கூடாது, அவனுக்கு வாயில் தாழ்ப்பாள் கிடையாது. மீறி யாராவது கேட்டால், யார் சொன்னது என்று அழுத்திக் கேட்டால், டம்மி பொன்னுரங்கம் சொன்னான் என்று சொல்லிவிடுங்கள். லிஸ்டில் தேடட்டும். அப்படி ஒருத்தன் இல்லவே இல்லை.